மலைநாட்டுக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை

கல்லூரியொன்றின் ஜூபிலி மலரில் அதனைத் தாபித்தோரின் வரலாற்றையும், அதனைத் தாங்கி நின்ற அதிபர்களின் வரலாற்றையும் எழுதுவதே மரபு. அம்மரபினின்றும் சிறிது விலகி, இக்கல்லூரியிற் படித்தவரோ படிப்பித்தவரோ அல்லாத ஒருவருடைய வாழ்வை எழுதப் புகுந்தோம். பழைய மாணவர் சிலர் இதனைக் கண்டு புருவத்தை உயர்த்தக் கூடும். எனினும் நம்முட் பெரும்பாலோரின் தந்தையர், பாட்டனார் எத்தகைய வாழ்வு வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்பும் மாணவன் ஒருவன் நம்மிடம் வந்து கேட்பானாயின், எந்த நூலை முதலில் அவன் கையிற் கொடுப்பது? எண்ணிப் பார்த்தபோது, சி. வி. என்ற ஈரெழுத்தால் மலைநாடு முழுதும் அறிந்திருந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்களின் நூல்களே நம் நினைவில் வந்தன. அன்னாருடைய வாழ்வு தனியொருவர் வாழ்வன்று. வாக்குரிமை பெற்று, பாராளுமன்றத்துக்கு ஆளனுப்பி, ஈராண்டுக்குள் அவ்வுரிமையை இழந்து நின்ற ஒரு தலைமுறையின் வாழ்வு.

தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராயிருந்த ஒருவருக்கும் மாத்தளைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு சாலைவழித் தொடர்பே. கோப்பிக் காலத்தில், அதாவது சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில், தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களினின்றும் புறப்பட்ட கூட்டங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாய் நடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளையை வந்தடைந்தன. தாகத்தாலும் பேதியாலும் வழியிலே மாண்டோர் எண்ணற்றோர். உயிரோடு வந்து சேர்ந்தோருக்கு மலைநாட்டின் வாயில் மாத்தளையே. இங்கே இளைப்பாறி, இங்கிருந்தே கங்காணிமார் பின்னால் கண்டிக்கும், அதற்கப்பாலுள்ள மலைகளுக்கும் பிரிந்து சென்றனர். புகையிரதப் பாதை மாத்தளைக்கு வந்தது 1880ஆம் ஆண்டில். அதற்கு முன் வந்தோர் அனைவரும் நடந்தே வந்தனர். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் முதலில் ஒரு மரத்தடியில் வைத்து வணங்கப்பட்டாள் என்று பெரியோர் சொல்வர். நடந்து களைத்தவன் கும்பிடுவதற்கு மரத்தடியினும் சிறந்த இடம் வேறில்லை. ஆகவே, மலைநாட்டுத் தமிழர் எவருடைய குடும்ப வரலாற்றைத் தோண்டினாலும் அது பெரும்பாலும் நமது ஊர்ச் சாலையிலே வந்து முட்டும்.

சி. வி. அவர்கள் 1914ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆந் திகதி, வட்டகொடையைச் சேர்ந்த மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தார். அதே ஆண்டிலேதான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. நடந்து வந்தோரின் காலம் முடிந்து, மண்டபம் முகாமில் அம்மைப்பால் வைத்து, கப்பலும் கோச்சியும் ஏறி வந்தோரின் காலம் நன்கு வேரூன்றியது. கோப்பி அழிந்து தேயிலை மலையெங்கும் படர்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.

அன்னார் பிறந்தது பெரிய கங்காணிக் குடும்பத்தில். இதனை மறைக்க வேண்டியதில்லை. சொல்லாமல் விடுவதே தவறாகும். பெரிய கங்காணி என்பவர் யாவர் என்பதை இன்றைய மாணவர் அறியார். ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வருபவர் அவர்; அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடன்காரராக்குபவரும் அவரே. வேலைக்கு வரும் ஆளொன்றுக்கு இத்தனை சதம் என்று தலைக்காசு பெறுபவர். லயத்தில் நல்லது கெட்டது எதுவாயினும் அவர் முன்னிலையிலேயே நடைபெறும். திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. துண்டு என்னும் சீட்டில் ஆளின் கடனை எழுதி, அக்கடனைத் தீர்ப்பவரிடம் ஆளை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் 1921ஆம் ஆண்டுவரை சட்டத்தாற் தடுக்கப்படாதிருந்தது. கடனை விற்பதென்பது ஆளை விற்பதினின்றும் எவ்வளவு வேறுபட்டது என்பதை வாசகரே எண்ணிக் கொள்க.

இத்தகைய வீட்டில், உண்ணவும் உடுக்கவும் குறைவின்றி வளர்ந்த பிள்ளை, பெரட்டுக்களத்தில் நின்றவனுடைய கண்ணினூடாக உலகைப் பார்க்கக் கற்றுக்கொண்டமையே சி. வி. அவர்களின் வாழ்விலுள்ள பெருவியப்பு. வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்து பார்த்தால் மலையின் அழகு தெரியும். கொழுந்துக் கூடையின் பாரம் தெரியாது. இரண்டையும் அறிந்தவராய் அவர் வளர்ந்தார். பின்னாளில் அவர் எழுதியவற்றில் அழகும் பாரமும் ஒன்றை விட்டொன்று பிரியாதிருப்பதற்குக் காரணம் இதுவே என்று நாம் எண்ணுகிறோம்.

அக்காலத்துத் தோட்டப் பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே. ஐந்தாம் வகுப்புக்கு மேல் அங்கு படிப்பில்லை. தொழிலாளியின் பிள்ளை பத்து வயதில் மட்டக்குச்சியோடு நிரையில் நிற்பான், அல்லது பங்களாவில் ஏவல் செய்வான். கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார் வீட்டுப் பிள்ளைகளுக்கே பட்டணத்துப் பள்ளிக்கூடம் எட்டிற்று. சி. வி. அவர்கள் ஹற்றன் மெதடிஸ்த கல்லூரியிலும், பின்னர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் கற்றார். பௌத்தச் சூழலில் அமைந்த அக்கொழும்புக் கல்லூரியிற் படித்தமை, சிங்கள இளைஞரோடு ஒன்றாய்ப் பழகவும் அவர்தம் எண்ணங்களை அணுகியிருந்து அறியவும் அவருக்கு வாய்ப்பளித்தது. ஆங்கிலத்திற் கவிதை எழுதத் தொடங்கியதும் மாணவப் பருவத்திலேயே. 'விஸ்மாஜினி' என்னும் இசை நாடகம் அவருடைய இளமைப் படைப்பு. 1934ஆம் ஆண்டு மே மாதத்தில் மகாகவி இரவீந்திரநாத தாகூர் தம் நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்து, ஹொரணையில் ஸ்ரீபாலிக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அவ்வருகையின்போது, இருபது வயதும் நிரம்பாத சி. வி. தம் நாடகத்தை அம்மகாகவியின் கையிற் கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளையொன்று அத்தகைய பெருங்கவிஞரின் முன்னிலையில் தானும் ஒரு கவி என்று சென்று நின்ற துணிவை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிரும்.

அன்னார் வாலிபமெய்திய ஆண்டுகளில் மலைநாடு உறக்கம் கலைந்து கொண்டிருந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் தோட்டத்துக்குள் நுழைவதே குற்றமென்றிருந்த காலத்தில், பத்திரிகையாலும் துண்டுப் பிரசுரத்தாலும் தொழிலாளரை அணுகினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் எழுச்சிப் பாட்டுகளைத் தாமே இயற்றிக் கூட்டங்களிற் பாடினார். டொனமூர்ச் சீர்திருத்தத்தால் 1931இல் வயது வந்தோர் வாக்குரிமை கிடைத்தது, அவ்வாண்டு பெரி. சுந்தரம் அவர்கள் ஹற்றன் தொகுதியிற் போட்டியின்றித் தெரிவாகித் தொழில் அமைச்சராகவும் அமர்ந்தார். மாத்தளைக்கு அண்மையில், மடுல்கலையிலுள்ள றெலுகஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரை வேலை பழக வந்த பிறேஸ்கேர்டில் என்னும் வெள்ளைக்கார வாலிபர், தொழிலாளர் பக்கம் பேசினாரென்று வேலையினின்றும் நீக்கப்பட்டதும், 1937இல் அவரை நாடு கடத்த ஆள்பதி பிறப்பித்த கட்டளையை உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியதும் மலையெங்கும் பேச்சாயின. வெள்ளைக்காரருள்ளும் நம் பக்கம் ஒருவர் உண்டென்பது லயத்துக்கு அன்று எட்டிய புதுச் செய்தி. 1939இல் ஜவகர்லால் நேரு வந்து சென்றதையொட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானான். இத்தலைமுறையின் அரசியற் பாடம் இவ்வாறே கற்பிக்கப்பட்டது.

அரசியலை மட்டும் சொல்லிச் செல்வோமாயின் அத்தலைமுறையை அறிந்தவராக மாட்டோம். அவர்களுடைய நாள் விடியுமுன் தப்பொலியோடு தொடங்கிற்று. பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, இடுப்பிற் படங்கும் தலையிற் கொங்காணியுமாய்ப் பெண்கள் மலையேறினர். நேரம் தவறியவளுக்கு அரைப்பேர். நிறை குறைந்தவளுக்கும் அரைப்பேர். கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஓர் ஆயாவின் பொறுப்பிற் கிடந்தன. ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், முள்ளுக்குத்தினர், கானெடுத்தனர். நம் மாத்தளைப் பகுதியில் இவ்வாழ்வுக்குச் சிறிது வேறுபாடும் உண்டு. எல்கடுவை, இறத்தோட்டைப் பக்கத்து உயர்ந்த மலைகளில் தேயிலை. கீழே இறங்க இறங்க றப்பரும் கொக்கோவும், இடையிடையே மிளகும் சாதிக்காயும். தேயிலைக்கு மழை வந்தாலும் கொங்காணியைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கலாம். றப்பருக்கு மழை வந்தால் பால் வெட்ட முடியாது, பெயருமில்லை. தலவாக்கலையைப் போல் மைல் கணக்காய்த் தொடர்ந்த தோட்டங்களும் இங்கில்லை. கண்டியச் சிங்களக் கிராமங்களின் நடுவே தீவுகளைப் போல் நம் லயங்கள் கிடந்தன. வெசாக் தோரணம் பார்க்க நம்மவர் செல்வர்; மாசிமகத் தேர் பார்க்கக் கிராமத்தார் வருவர். இந்த நெருக்கம் நல்ல நாளில் உறவாகவும், கெட்ட நாளில் அச்சமாகவும் இருந்ததை மூத்தோர் அறிவர்.

மாசி மாதம் பிறந்தால் லயத்துக்கு வேறொரு முகம் வந்துவிடும். காமன் கம்பம் நாட்டி, மூன்றாம் பிறை தொடங்கிப் பௌர்ணமிவரை இரவிரவாய்க் கூத்து நடக்கும். சிவனார் கண்ணால் எரிந்த காமனுக்காக இரதி புலம்பும்போது, பகலெல்லாம் கண்டாக்கையாவின் ஏச்சைக் கேட்டு வாய் திறவாதிருந்த பெண்கள் வாய்விட்டு அழுவர். அந்த அழுகை இரதிக்காக மட்டுமா என்று நாம் சிறு வயதில் ஐயுற்றதுண்டு. காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சியாய்ப் பிரிந்து இலாவணி பாடுவோர், படிப்பறியாதவராயினும் புராணத்தைக் கரைத்துக் குடித்தவர். பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடப்பட்ட தோட்டங்களில், மரமேறி நின்று தவம் செய்யும் அருச்சுனனாக வேடம் பூண்டவன் மறுநாட்காலை பெரட்டுக்களத்தில் வெறும் பேர் நம்பராய் நிற்பான். சி. வி. அவர்கள் இவற்றையெல்லாம் பட்டணத்துக்குப் போன பின் மறந்தாரல்லர். அக்காலத்திற் கற்றவர் பலர் தோட்டத்தில் பிறந்ததைச் சொல்லவே நாணினர். முகவரியில் தோட்டத்தின் பெயரை விடுத்துத் தபாற் கந்தோரின் பெயரை மட்டும் எழுதியோரை நாமும் அறிவோம். அவரோ தாம் எங்கிருந்து வந்தாரோ அதனையே தம் எழுத்துக்குப் பொருளாக்கினார்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றஞ் சென்றனர். நுவரெலியாவில் சௌ. தொண்டமான், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரையில் டி. இராமானுஜம், தலவாக்கலையில் நம் கவிஞர். முப்பத்து மூன்று வயதிற் சட்டசபைக்குச் சென்ற அவரைத் தெரிவு செய்தோர், நான்கு தலைமுறையாய் மலையைத் திருத்தியும் தமக்கென ஓரடி நிலமற்றவர். அவர்களுடைய வாக்குகள் இவ்வெழுவரை அனுப்பியதோடு நில்லாமல், வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளருக்கும் துணை நின்றன. இதுவே அவர்களுக்குக் கேடாய் முடிந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையேனும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்பைப் பதிவதே அரிதாயிருந்த இடத்தில், லயத்திற் பிறந்தவன் எங்கே சென்று பாட்டனுக்குச் சான்று தேடுவான்? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டம் ஒரு வழியைத் திறப்பதுபோலத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. முடிவில் ஏறக்குறைய 134,000 பேருக்கே உரிமை கிடைத்தது. அதே 1949இன் தேர்தற் திருத்தச் சட்டம், பிரசையல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. சபையில் எழுவரும் எதிர்த்துப் பேசினர். இலங்கைத் தமிழ் உறுப்பினருள் ஒரு பகுதியினர் அவர்களோடு நின்றனர். மற்றொரு பகுதியினர் நிற்கவில்லை. அதனால் விளைந்த பிளவிலிருந்தே தமிழரசுக் கட்சி 1949இற் பிறந்தது.

1952 ஏப்ரலில் கொழும்பிற் சத்தியாக்கிரகம் தொடங்கியது. நூற்று நாற்பது நாள்வரை அது நீடித்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில் காங்கிரஸ் சார்பில் ஒருவரேனும் சபைக்குச் செல்லவில்லை. செல்வதெங்ஙனம்? அனுப்பியவர்க்கே வாக்கில்லை. ஐந்தாண்டு சட்டமியற்றும் சபையில் அமர்ந்திருந்த ஒருவர், தம்மை அங்கு அனுப்பியோர் சட்டத்தின் கண்ணில் எந்நாட்டாரும் அல்லர் என்றாகிவிட்டதைக் கண்டுகொண்டு வெளியே வந்தார். அரசியல்வாதி ஒருவருக்கு இதனினும் கொடிய அனுபவம் இருத்தல் அரிது. சிலர் இத்தகைய நிலையில் வாணிகம் பார்க்கச் செல்வர். சி. வி. எழுதுகோலை எடுத்தார்.

'இன் சிலோன்ஸ் ரீ கார்டன்' என்னும் ஆங்கில நெடுங்கவிதை 1954இல் நூலாய் வந்தது. காலைத் தப்பொலியோடு தொடங்கித் தோட்டத்தின் ஒரு நாளையும், அந்நாளுக்குள் நூறாண்டையும் அது காட்டுகிறது. தேயிலைத் தூருக்கு உரமாய்ப் போனவர்க்கு ஒரு கல்லறையும் இல்லையே என்னும் ஏக்கம் அதன் உள்ளுயிர். துரையைத் திட்டும் பாட்டன்று அது. கண்ணீரை விலைக்கு விற்கும் பாட்டுமன்று. கையை உயர்த்தாமல், தாழ்ந்த குரலிற் பேசுகிறது. அதனாலேயே கேட்போர் செவி கூர்மையாகிறது. இலங்கைத் தேயிலையை உலகம் நன்கறியும். அதைப் பறித்தவரின் முகம் உலகுக்குத் தெரியாது. தேயிலையை வாங்கியவரின் மொழியிலேயே அம்முகத்தை வரைந்து காட்டியது இந்நூல்.

இங்கே நம் மனத்திலுள்ள ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களால் அந்நூலை வாசிக்க இயலவில்லை. கொழும்பிலும் கடல் கடந்தும் பாராட்டுப் பெற்ற பாட்டு, மடக்கும்புரை லயத்துக்கு விளங்காத மொழியில் இருந்தது. சக்தி அ. பால ஐயா அவர்கள் அதனைத் தமிழிலே தழுவி 'தேயிலைத் தோட்டத்திலே' என்று வெளியிட்டது 1969இல், பதினைந்தாண்டு கழித்து. அத்தமிழ் நூல் தன்னளவில் ஒரு நல்ல கவிதை. மலைநாட்டு மாணவர் பலர் சி. வி. அவர்களை அறிந்தது அதன் வழியாகவே. எனினும் அப்பதினைந்தாண்டு காலத்தாழ்வை நாம் எளிதாய் எண்ணவில்லை. கவிஞரும் அதனை உணர்ந்தார் போலும். ஐம்பதுகளின் பின் அவருடைய எழுத்து மேன்மேலும் தமிழை நாடிற்று. 'வாழ்வற்ற வாழ்வு', 'எல்லைப்புறம்', 'பார்வதி', 'வீடற்றவன்' முதலிய நவீனங்களை நாளேடுகளிற் படித்தோர், தம் லயத்தையும் தம் தலைவரையும் அவற்றில் அடையாளங் கண்டனர். 'வீடற்றவன்' 1981இல் நூலுருப் பெற்றது. தோட்டத்தில் தொழிற்சங்கம் அமைக்க முனைபவன் முதலில் இழப்பது வேலையை; வேலையோடு வீட்டையும். லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமாதலின், பற்றுச்சீட்டுக் கிழித்துக் கொடுத்த மறுகணம் பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நிற்கவேண்டியதே. அப்பெயரை நூலுக்கு இட்டதிலேயே ஒரு வழக்கு முழுதும் அடங்கியிருக்கிறது. கலை நயத்தால் இந்நவீனங்கள் அவருடைய ஆங்கிலக் கவிதைக்கு ஈடாகா என்பது எம் கருத்து. கதை சில இடங்களில் அவசரப்படும், பாத்திரங்கள் சில வேளை மேடைப்பேச்சுப் பேசும். ஆயினும் தோட்டத்தின் உள்ளமைப்பை இவ்வளவு நுணுக்கமாய் அறிந்து எழுதியோர் அவருக்கு முன் அரியர்.

1970இல் வெளிவந்த 'போர்ன் ரு லேபர்' என்னும் ஆங்கில நூலில், தோட்டத்து மாந்தர் பலரைச் சிறு சித்திரங்களாய்த் தீட்டியுள்ளார். கங்காணிமாரும் அதில் உளர். தம் குலத்தாரை அவர் தூற்றவுமில்லை, பூசி மெழுகவுமில்லை.

நம்மைக் கேட்டால், அவர் செய்த பணிகளுட் தலையாயது நாட்டுப் பாடற் தொகுப்பே என்போம். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இற் சென்னையில் அச்சாகியது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காதற் பாட்டு, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு, கடல் கடந்து வந்த கதையைச் சொல்லும் பாட்டு என்று பலவகை அதிலுண்டு. இவை எழுத்தறியாதோர் யாத்தவை. பெரும்பாலும் பெண்கள் யாத்தவை. கொழுந்தெடுக்கும் கை ஓயாது. வாய் மட்டும் ஓய்ந்திருக்கிறது. அந்த ஓய்விற் பிறந்தவை. நிரையின் இக்கோடியில் ஒருத்தி தொடங்க, அக்கோடியில் மற்றொருத்தி முடிப்பாள். கங்காணி அண்மையில் வந்தால் பாட்டின் பொருள் மாறிவிடும், இசை மாறாது. கற்றறிந்தோர் இவற்றைக் கொச்சையென்று ஒதுக்கினர். பள்ளிக்கூடத்திற் பாடிய பிள்ளைக்குப் பிரம்படி விழுந்த காலமும் உண்டு. ஆங்கிலத்திற் தாகூரிடம் நாடகம் கொடுத்த கவிஞர், முதுமையில் லயத்துக் கிழவியர் வாய்ச்சொல்லை ஏட்டிற் பதித்தார். மலைநாட்டுத் தமிழர் எவரும் வரலாறு எழுதி வைக்காத காலத்தைப் பற்றி இன்று நாம் அறிவதிற் பெரும்பகுதி இப்பாடல்களிலேயே உள்ளது. மன்னார்க் காட்டுவழியும், கண்டிச் சீமை பற்றிய ஆசைச்சொல்லும், வந்தபின் அடைந்த ஏமாற்றமும் அரசாங்க அறிக்கையில் எண்ணாகவும், பாட்டில் உயிராகவும் நிற்கின்றன.

தொழிற்சங்கப் பணியை அவர் என்றும் கைவிட்டாரல்லர். முதலிற் காங்கிரசிலும், அறுபதுகளில் வீ. கே. வெள்ளையன் அவர்கள் தொடக்கிய தொழிலாளர் தேசிய சங்கத்திலும் அவர் உழைத்தார். 'மாவலி' என்னும் ஏட்டை ஆசிரியராயிருந்து நடத்தினார். அறுபதுகளில் ஒரு புது இளைஞர் கூட்டம் எழுந்தது. தம்மை இந்தியர் என்று அழையாது மலையகத்தார் என்றழைத்த கூட்டம். வீரகேசரியின் தோட்ட மஞ்சரிப் பக்கம் நடத்திய சிறுகதைப் போட்டிகளில் அவர்கள் எழுதினர். நம் மாத்தளை வாலிபரும் எழுதினர். அவர்கள் சி. வி. அவர்களைத் தம் மூத்தோராய்க் கொண்டனர்.

அத்தலைமுறையின் மேல் இரண்டாம் இடி 1964 அக்டோபர் 30இல் விழுந்தது. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடும் பாதிப்பாதியாய்ப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரை எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு கடவுச்சீட்டும் தம்பி வேறொரு கடவுச்சீட்டுமாய் ஒரே காம்பராவில் இருந்த வீடுகள் மாத்தளையிலும் இருந்தன. தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டிக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டனர். பாட்டன் நடந்து வந்த திக்கிலேயே பேரன் கோச்சியேறித் திரும்பினான். இடையில் 1973, 1974இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவு, 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசு ஏற்றது, 1977இல் தீ. 1983 ஜூலையில் மாத்தளை நகரில் நம்மவர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலும் தீக்கிரையாயிற்று. அந்நாட்களைப் பற்றி மேலும் எழுத நமக்கு மனமில்லை. கோயிலை ஊர் மீண்டும் கட்டி எழுப்பியது; மாசிமகத்தன்று பஞ்சரதம் மீண்டும் வீதி வந்தது.

'இனிப் படமாட்டேன்' என்னும் நவீனம் 1984இல் வெளிவந்தது. இனக்கலவரத்தில் அகப்பட்ட மலைநாட்டார் வாழ்வே அதன் பொருள். வாழ்நாளெல்லாம் தாழ்ந்த குரலிற் பேசியவர், தலைப்பிலேயே குரலை உயர்த்திய நூல் அது ஒன்றே. அவ்வாண்டு நவம்பர் 19இல், எழுபது வயதில், அன்னார் காலமானார். 'நாடற்றவர் கதை' அவருடைய மறைவுக்குப் பின் நூலாயிற்று. எந்நாட்டாரும் அல்லாதிருந்த எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2003ஆம் ஆண்டில். தலவாக்கலை உறுப்பினராய் அவர் அதே சபையிற் கேட்டதற்கும் அதற்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

அவருடைய பாடற் தொகுப்பு அச்சேறிய காலத்தில், அப்பாடல்களைப் பாடியோரிற் பலர் கடல் கடந்து போய்விட்டனர். நீலகிரியிலே கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில், திரும்பிச் சென்றோருக்கென்று தமிழ்நாட்டரசு நட்ட தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் குடியேறினர். அங்கும் பெண்கள் கூடை சுமந்து நிரை பிடித்தனர். கண்டிச் சீமைக்கு வந்த கதையைச் சொல்லும் பழம் பாட்டுகளைக் கொண்டு சென்ற அவர்களை, அங்குள்ளோர் சிலோன்காரர் என்று அழைத்தனர்.